நாலடி தமிழ்நாடு

இஞ்சிவிளை, பாறசாலை
5 ஜனவரி 2025

என் அக்கா மகள் பின்சி மக்களுக்கு, உன் போனில் இடம் கிடைக்காத மாமன் சத்தியராஜ் பேப்பரில் எழுதுவது.

கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் உன் புது வீட்டைக் காட்டினேன். நீ பார்த்தாய், கத்தினாய், என்னை பிளாக் செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து ஒரு துண்டு கேக் தின்கிற நேரம்கூட ஆகவில்லை. இருக்கட்டும். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு எந்த நம்பரை வேண்டுமானாலும் பிளாக் செய்யலாம், தபால்காரனைச் செய்ய முடியாது.

நீ தந்துவிட்டுப் போன பிளான் பைபிளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நீளச்சதுரம், இரண்டு பெட்ரூம், முன்னால் உட்கார கிரில் போட்ட சிட்டவுட். தீப்பெட்டியைப் படுக்கவைத்து வரைந்தது போல. அதைக் கட்டுவதற்கு சத்தியராஜ் எதற்கு? அமரவிளையிலிருந்து காரக்கோணம் வரைக்கும் எந்தக் கொத்தனாரும் வெற்றிலை மென்றுகொண்டே கட்டுவான். நான் அபுதாபியில் இருந்து வந்தவன். அங்கே ஒரு ரூபாய் நாணயத்தை நெட்டுக்கு நிறுத்தியது போல, முழுக்கக் கண்ணாடியில் ஒரு வட்டக் கட்டிடம் உண்டு. அதைக் கட்டும் காலத்தில் இஞ்சினியர்மாரெல்லாம் இது உருண்டுவிடுமோ என்று நகத்தைக் கடித்து நின்றார்கள். நான்தான் போய்ச் சொன்னேன்: "சாரே, அடிய கொஞ்சம் மண்ணுக்குள்ள அமுக்கி வையும். பொறவு எப்பிடி உருளும்?" மறுநாளே பிளான் மாறிற்று. என் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. அங்கே ஹெல்மெட் போட்டவனுக்குப் பெருமையில் பங்கு கிடையாது.

ஆரம்பித்து வைத்ததும் நீதான். உன் ஊரில் இருக்கிற அந்த நெளிந்த கட்டிடத்தின் படத்தை யார் அனுப்பினது? ஒரு ஜன்னல் போல இன்னொரு ஜன்னல் இல்லை, ஜன்னல் வழியாக மரம் தலையை நீட்டிப் பார்க்கிறது. பிறகு ராட்டர்டாமில் மஞ்சள் பெட்டிகளைச் சரித்து முனையில் நிறுத்திய வீடுகள். அதையெல்லாம் பார்த்ததிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. போனில் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் சந்தைக் கூடை போல ஒரு ஆபீஸ், கைப்பிடியோடு. ஹைதராபாத்தில் மீன். ருஷ்யாவில் ஒரு ஆணும் பெண்ணும் இடுப்பைப் பிடித்து ஆடுவது போல இரண்டு கட்டிடம். இத்தனை இருக்கும்போது எனக்க அக்காவுக்குத் தீப்பெட்டியா?

ஆகவே நிலத்தின் நடுவில் ஒரு குற்றி அடித்தேன். பசுவைக் கட்டும் கயிற்றை அதில் கட்டி, மறு நுனியைப் பிடித்து ஒரு சுற்று நடந்தேன். பிளான் முடிந்தது. நடுவில் அறைகளும் அடுக்களையும், அதைச் சுற்றி வளையமாக ஒரு வராந்தா, வெளியே வட்டச் சுவர். மூலை என்று ஒன்று கிடையாது. ஜன்னலுக்கு மேலே லின்டல் மட்டம் வரைக்கும் வந்தாயிற்று.

ஊரே வந்து பார்க்கிறது. சாயக்கடையில் ஒருவன் கேட்டான்: "அண்ணா, வீடு கெட்டுதியளா, தண்ணி டாங்கி கெட்டுதியளா?"

"டாங்கிதான் எலே. ஒனக்க வீட்டுக்குக் கனெக்ஷன் வேணுமெங்கி இப்பமே சொல்லி வையி" என்றேன்.

உன் அம்மை சுகம். போன வாரம் தனுவச்சபுரத்துக்கு பஸ்ஸில் ஒரு சின்ன டூர் போய் வந்தாள். காலேஜ் பிள்ளைகள் ராணியைப் போலக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

உன் மாமன்
சத்தியராஜ்

•

டார்ம்ஸ்டாட்
21 ஜனவரி 2025

மாமா,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் சிரிப்பீர்கள். எழுதுவதே நல்லது.

அந்த ‘டூர்’ பற்றி ரேஷ்மி அன்றைக்கே சொல்லிவிட்டாள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்தது நான்தான், உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் சொல்லுவாள். அவள் துணி காயப்போட்ட நேரத்தில் அம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், நெடுஞ்சாலையைக் கடந்து பஸ் ஏறியிருக்கிறாள். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டதற்குச் சிரித்தாளாம். யாரோ ஒரு மாணவி பையைத் திறந்து பார்த்து, நான் உள்ளே தைத்து வைத்திருந்த நம்பரைக் கூப்பிட்டாள். ராணியைப் போலவாம்.

அம்மாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். வாழ்நாள் முழுக்க போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பணம் வசூலிக்கும் ஏஜென்டாக வீடு வீடாக நடந்தவள். மறதி தலைக்குத்தான் வந்தது, கால் ஒன்றையும் மறக்கவில்லை. அதனால்தான் கிரில் போட்ட, பூட்டக்கூடிய ஒரு வீடு கேட்டேன். உங்களிடம் அதிசயம் கேட்கவில்லை.

அபுதாபியைப் பற்றி. அந்த வட்டக் கட்டிடம் திறந்த பிறகுதான் நீங்கள் அங்கே போனீர்கள். வெளியே தொட்டிலில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தீர்கள். அந்த போட்டோ அம்மாவின் ஆல்பத்தில் இருக்கிறது. துடைத்தது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் துடைத்தவர் கட்டியவர் ஆகிவிட மாட்டார். ஆடுகிற கட்டிடம் ருஷ்யாவில் இல்லை, பிராக் நகரத்தில்.

சரி, வட்டத்தில் அம்மாவின் இரும்பு அலமாரியை எங்கே வைப்பீர்கள்? எந்தச் சுவரில் சாயும்? இன்னொன்று. நம் நிலத்தின் கிழக்கே சர்வே கல் ஒன்று உண்டே, அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. வீடியோவில் நான் அந்தக் கல்லைத் தேடினேன். காணவில்லை. என் பிளானில் வீடு கல்லுக்கு இந்தப் பக்கம் அடங்கியிருந்தது. உங்கள் கயிறு எவ்வளவு தூரம் போயிற்று?

தயவுசெய்து கேளுங்கள். கிழக்கே பிதுங்கி நிற்பதை இடித்துவிட்டு அங்கே நேராக ஒரு சுவர் எழுப்புங்கள். பஞ்சாயத்திலிருந்து வீட்டு நம்பர் வாங்குங்கள், நம்பர் இல்லாமல் கரண்ட் வராது. ஈஸ்டருக்கு வருகிறேன். அதற்குள் அம்மா இருக்கத் தகுந்த வீடு இல்லையென்றால், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருக்கிறேன், அங்கே சேர்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன். அங்கே அறையை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசி வைத்திருக்கிறேன்.

பின்சி

•

இஞ்சிவிளை
4 பிப்ரவரி 2025

பின்சி மக்களே,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது, இரண்டாம் தரம் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன், அப்போதும் வந்தது.

துடைத்தவன் கட்டியவன் ஆக மாட்டான் என்று எழுதியிருக்கிறாய். கட்டியவன் ஒரு தரம் கட்டிவிட்டுப் போய்விட்டான். நான் அந்தக் கட்டிடத்தின் முகத்தைத் தினமும் தடவினேன். அதன் வளைவு கம்பெனிக்கே தெரியாத அளவுக்கு என் உள்ளங்கைக்குத் தெரியும். அதோடு பெரிய முதலாளி ஒரு நாள் கண்ணாடிக்கு உள்ளே இருந்து எனக்கு சல்யூட் அடித்தார், அதையும் சேர்த்துக்கொள்.

கல் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டது. வராந்தாவின் கிழக்குப் பக்கம் தரையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் ஒரு குரோட்டன் செடிச் சட்டி வைத்திருக்கிறேன், பார்வைக்கும் நன்றாக இருக்கிறது. கயிறு நாலடி அந்தப் பக்கம் போயிற்று, மறைக்கவில்லை. ஆனால் மண் இரண்டு பக்கமும் நம்முடையதுதானே? உன் தாத்தா வாங்கும்போது இந்தக் கோடே கிடையாது. உலகத்தில் எத்தனை அதிசய வீடு இருந்தாலும், வராந்தாவில் ஒரு சுற்று நடந்தால் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய் சாயாவுக்கு முன்னால் திரும்பி வரலாம் என்கிற வீடு எங்கேயாவது உண்டா? அலமாரியை அறைக்குள் வைப்பேன், அறைச் சுவர் நேர்ச்சுவர்தான். அவ்வளவு புத்தி எனக்கு உண்டு.

இனி முக்கியமானது. இதை நான் கூட்டாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் விட்டு வந்ததும் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போது இருக்கிற பழைய வீட்டின் முன்கதவில் போய் நிற்பதும், தாழ்ப்பாள் கொளுத்தைப் பிடித்து ஆட்டுவதும், "வீட்டுக்குப் போவோம் வாடே" என்பதுமாக. இதுதான் வீடு என்று சொன்னால் என்னை அடிக்க வருகிறாள். ரேஷ்மிக்கும் அன்று லீவு. என்ன செய்ய? கையைப் பிடித்துப் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இது யாருக்க வீடு?" என்றாள்.

"ஒனக்க வீடாக்கும்."

"சன்னலு ஏன் வளைஞ்சு கெடக்கு?"

"பாரின் மாடல் அக்கா."

"போடே. கெட்டத் தெரியாதவன் கெட்டினா வளையத்தான் செய்யும்" என்றாள். நோய் வந்தாலும் வாய்க்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு பூசாத சுவரில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன். சுவர் அவளைக் கூட்டிக்கொண்டு போனது போல இருந்தது. அடுக்களையைச் சுற்றி, கிழக்கே குரோட்டன் சட்டியைத் தாண்டி, மறுபடி வாசலுக்கு. நிற்கவில்லை. இன்னொரு சுற்று. இன்னொன்று. நான் களைத்துப்போய் சிமென்ட் சாக்கில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டும்போதெல்லாம், வழியில் தெரிந்தவரைக் கண்டது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வெயில் இறங்கும் வரைக்கும் "வீட்டுக்குப் போவோம்" என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அன்று இரண்டு பிளேட் கப்பைக் கிழங்கு தின்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கூட்டிக்கொண்டு போகிறேன். பிதுக்கத்தை இடிக்க என்னால் முடியாது. அந்த இல்லத்தைப் பற்றி நீ எழுதினதை அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

சத்தியராஜ்

•

இஞ்சிவிளை
15 பிப்ரவரி 2025

பின்சி,

முந்தின கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. அதற்குள் இதை எழுத வேண்டி வந்தது.

நம்பருக்காகப் பஞ்சாயத்திலிருந்து அளக்க வந்தார்கள். என் ஓவர்சியர் பிரதீஷும் கூட நின்றான். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒருவர் குரோட்டன் சட்டியை மெல்ல நகர்த்திப் பார்த்து, "அண்ணா, இது நம்ம அதிகாரத்தில இல்ல. இந்தக் கல்லுக்கு அங்கோட்டு ஒரு செங்கல்லு இருந்தாலும் நாங்க நம்பர் தர முடியாது" என்றார். அந்தப் பக்கத்துக்குத் தனியாக அனுமதி வாங்கலாமா என்று கேட்டேன். ஒரே வீட்டுக்கு இரண்டு மாநிலத்தில் பேப்பர் நகர்த்துவதற்குள் அடுத்த ஈஸ்டர் வந்துவிடும் என்றான் பிரதீஷ். நீ வரும்போது கரண்ட் இல்லாமல், நம்பர் இல்லாமல் இருந்தால் நீ என்ன செய்வாய் என்று நீயே எழுதியிருந்தாய்.

இடித்துவிட்டேன். பணிக்காரரைத் தொட விடவில்லை, சம்மட்டிக் கூடத்தை நானே எடுத்தேன். என்ன சொன்னாலும் சத்தியராஜ் கட்டிய சுவர், ஒரு பகல் முழுக்க என்னிடம் மல்லுக்கு நின்றது. வட்டம் இப்போது ஒரு பக்கம் கடித்த முறுக்கு போல இருக்கிறது. வராந்தாவின் இரண்டு வாயையும் பலகை வைத்து அடைத்திருக்கிறேன். நம்பர் அடுத்த வாரம் வரும்.

நீ சொன்னபடி செய்தாயிற்று. இனி என்ன குறை என்று எழுது.

சத்தியராஜ்

•

டார்ம்ஸ்டாட்
19 பிப்ரவரி 2025

மாமா,

உங்கள் நாலாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது. டிராமில் நின்றுகொண்டே வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

நான் இங்கே வேலை செய்யும் ஆஸ்பத்திரித் தளத்தில் எல்லாரும் அம்மாவைப் போன்றவர்கள். அங்கே வராந்தா எங்கும் முடிவதில்லை. தோட்டத்தைச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். வேலையில் சேர்ந்த புதிதில் இது என்ன வீண் செலவு என்று கேட்டேன். வார்டு பொறுப்பில் இருந்தவர் சொன்னார்: இவர்களுக்கு நடக்காமல் இருக்க முடியாது, நடந்துகொண்டே போய் ஒரு பூட்டிய கதவில் முட்டினால் தாங்கள் அடைபட்டது தெரிந்துவிடும், அப்புறம் அழுகை, அடி, மருந்து. வழி முடியாமல் இருந்தால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி. அதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

தினமும் அந்த வராந்தாவில் நடக்கிறேன், மாமா. ஒரு கிழவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே வாட்ஸ்அப்பில் உங்களுக்கு கிரில் டிசைன் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கும் இது வேண்டும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பூட்டு மட்டும்தான் தோன்றிற்று.

நீங்கள் இதெல்லாம் தெரிந்து கட்டவில்லை. பெருமைக்காகக் கட்டினீர்கள். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் இடிக்காதீர்கள். நம்பர் வருகிறபோது வரட்டும், கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம். அந்தச் சுற்று முழுதாக இருந்தால் இல்லத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிடுவேன். ரேஷ்மியை இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன். உங்கள் பிளாக்கையும் எடுத்துவிட்டேன்.

பின்சி

பி.கு.: ரேஷ்மியிடம் பேசினேன். போன வாரமே இடித்துவிட்டீர்கள் என்கிறாள். உங்களைக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். கோபித்துக்கொண்டு போனை அரிசி டிரம்மில் போட்டிருக்கிறீர்களாம். பலகை அடைத்த இடத்தில் அம்மா நிற்பதை ரேஷ்மி வீடியோ எடுத்து அனுப்பினாள். முழுக்கப் பார்க்க முடியவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்காமல் அனுப்புகிறேன். எத்தனை தரம் சொல்லியும் கேட்காதவர், இந்த ஒரு தரம் மட்டும் ஏன் என் பேச்சைக் கேட்டீர்கள்?

•

இஞ்சிவிளை
9 மார்ச் 2025

மக்களே பின்சி,

உன் கடிதத்தை வராந்தாவில் நின்றே வாசித்தேன். நின்றே பதிலும் எழுதுகிறேன், ஏன் என்று கீழே வரும். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உங்கள் ஆஸ்பத்திரியைக் கட்டியவர்கள் என் வீட்டைப் பார்த்து வரைந்தார்களோ என்று ரேஷ்மியிடம் கேட்டேன். "மாமா, அது கட்டி வருஷம் எத்தனையோ ஆச்சு" என்றாள். அப்படியென்றால் எனக்குத் தோன்றியதும் அவர்களுக்குத் தோன்றியதும் ஒன்றுதான். பெருமைக்காகக் கட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். பெருமை இல்லாமல் மனுஷன் எதற்கு வளைக்கிறான்? நேராகவே கட்டிவிட்டுப் போகலாமே.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்கிறேன். வீடியோவில் சத்தம் சரியாகக் கேட்டிருக்காது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள், பலகையில் கை முட்டிற்று. வீடு வீடாகப் போன காலத்தில் கதவில் தட்டி ஒன்று கேட்பாளே, அதைக் கேட்டாள்: "ஆளு உண்டா?" மறுபடி தட்டினாள். "ஆளு உண்டா?" அடுத்த வீட்டுக்குப் போகலாமே என்றால் பலகையில் அடுத்த வீடு ஏது? தட்டிக்கொண்டே நின்றாள். உள்ளங்கை சிவந்துபோயிற்று. ரேஷ்மி இழுத்தால் அவளைக் கடிக்கப் போனாள். நான் கூடத்தால் பலகைக்கு ஒரு போடாகப் போட்டு இரண்டு வாயையும் திறந்தேன். வெளியே வெயிலும் மரச்சீனிக் கிழங்கு நட்ட வாரமும் கல்லும்தான். அக்கா அந்த ஓட்டையில் நின்று பார்த்தாள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையை நீட்டியபடியே நின்றாள். நான் போய் அந்தக் கைக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு, நாலு எட்டு வைத்து, மறு வாயில் சுவரைத் தொட்டதும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே பிரதீஷைப் பிடித்தேன். "எலே, சுவரும் கூரையும் கூடாது. கைப்பிடி கூடுமா?" அவன் சிரித்தான். "சேட்டா, கூரை இல்லெங்கில் அது கெட்டிடம் அல்ல. சொந்த மண்ணில வேலி போடுகதுக்கு ஆரு கேக்கும்?" அளக்க வந்தவரிடமும் போய்க் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். ஆக, இடிந்த இடத்தில் அதே வளைவில் இரும்புப் பைப்பு வருகிறது. ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு, இடுப்பு உயரத்தில். அதற்கு வெளியே உயரமாக ஒரு வேலி. தரையில் வழுக்காத ஓடு பதித்தாயிற்று. பழைய குற்றிக்கும் கயிற்றுக்கும் மறுபடி வேலை வந்தது, வளைவு ஒரு விரல்கடை பிசகாது. வராந்தாவில் கேரளா வரைக்கும் கூரை, தமிழ்நாட்டில் வானம். கல்லின் மேலிருந்து சட்டியையும் எடுத்துவிட்டேன். கல் வழியின் உள் ஓரத்தில் தள்ளி நிற்கிறது, இடறாது. நம்பர் கிடைத்தது, கரண்டும் வந்தது.

பைப்பை வளைத்துத் தருகிற அமரவிளை வெல்டர் இன்று நாளை என்கிறான். வளைவு சரியாக வராமல் இரண்டு தரம் திருப்பி அனுப்பினேன். அவன் என்னைக் கண்டாலே ஷட்டரை இறக்குகிறான். அதுவரைக்கும் பைப்பு நான்தான். மத்தியானம் சோறு தின்றதும் இங்கே வந்து நிற்கிறேன். சாயக்கடைக்காரன் எட்டிப் பார்த்து, "அண்ணா, ஒங்கள கான்கிரீட்ல வச்சு வாத்தாச்சா?" என்கிறான். எலே, அபுதாபியில் கண்ணாடி உண்டு, அமெரிக்காவில் கூடை உண்டு, ஆளைச் சுவராக நிறுத்திய வீடு எங்கேயாவது உண்டா என்று கேட்டேன். ஜப்பானில் ஒன்று இருந்ததாம், பூகம்பத்தில் ஓடிவிட்டதாம். இதை நான் கூட்டினது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்.

ஏன் உன் பேச்சைக் கேட்டேன் என்று கேட்டிருந்தாய். அந்த இல்லத்தில் அறையை வெளியிலிருந்து பூட்டுவார்கள் என்று எழுதினாயே. அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. அக்காவை அங்கே போக விடுவதை விட எனக்க வட்டம் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இல்லத்துக்கு நீ என்ன எழுதுவாய் என்று நான் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு வா. வந்து மத்தியானம் இந்த வாயில் நீ நின்று பார். அதன் பிறகு எழுது.

அடுக்களைப் பக்கம் சுவரில் கை உரசுகிற சத்தம் கேட்கிறது. இந்தச் சுற்றில் கொஞ்சம் வேகமாக வருகிறாள். இனி எழுத முடியாது, தோள் வேண்டும். வந்ததும் நின்று என் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"ஆளு உண்டா?"

"உண்டு அக்கா. போயிட்டு வா."